டென்மார்க் தேசத்து விவசாயத்தின் வருங்காலம்

ஐரோப்பாக் கண்டத்தின் வடபாகத்திலுள்ள டென்மார்க், சுமார் 60 லட்சம் ஜனங்களைக் கொண்ட சிறிய தேசம். அதன் நிலப்பரப்பில் 100-க்கு ஏறக்குறைய 60 பங்கு சாகுபடியில் இருக்கிறது. மாடுகளும் பன்றிகளும் வெளியிடும் வாயுக்களின்மீது வரி விதிக்க முதன்முதலாக முன்வந்ததும் இந்தக் குடியானவர் தேசமே என்பது பலருக்கு விந்தையாகத் தோன்றலாம். 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சர்க்காரும், விவசாயிகளின் சங்கமும், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும், தொழில்துறைப் பிரதிநிதிகளும் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நவம்பரில் பார்லிமெண்டின் பெரும்பான்மைக் கட்சிகள் அதற்கு இசைந்தன. இவ்வரியால் விவசாயம் நசித்துப்போகும் என்பாரும் உளர்; வரி போதாது என்பாரும் உளர். வரியின் அளவைக் காட்டிலும், அதைச் சுமக்கப்போகும் குடியானவர் எத்தனை பேர், எந்நிலையில் இருப்பவர் என்பதே கவனிக்கத் தக்கது.

டேனிஷ் விவசாயம் இதற்கு முன்னும் ஒரு முறை தலைகீழாக மாறியதுண்டு. 1870-க்குப் பின் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் கப்பல் கப்பலாக வந்திறங்கியபோது, தானியம் விற்றுப் பிழைத்த குடியானவர் தத்தளித்தனர். வேறு சில தேசங்கள் சுங்க வரி போட்டு அந்நிய தானியத்தைத் தடுத்தன. டேனியரோ மலிந்த தானியத்தைக் கால்நடைத் தீனியாக்கி, அதன் பயனை வெண்ணெயாகவும் உப்பிட்ட பன்றி மாமிசமாகவும் இங்கிலாந்துக்கு அனுப்பலாயினர். பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் இயந்திரம் அக்காலத்தில்தான் புதிதாக வந்திருந்தது. தனிக் குடியானவர் அதை வாங்க இயலாது. 1882-ல் மேற்கு ஜூட்லாந்தில் யெடிங் என்னும் கிராமத்தார் ஒன்றுகூடி முதல் ஐக்கியப் பாற்சாலையை நிறுவினர். 1887-ல் ஜெர்மனி டேனிஷ் பன்றிகளை உயிருடன் இறக்குமதி செய்வதைத் தடுத்தது. அதே வருஷத்தில் ஹோர்சென்ஸ் நகரில் குடியானவர்களுக்கே சொந்தமான மாமிசச்சாலை எழுந்தது. பசுக்களின் எண்ணிக்கையைப் பாராமல் ஆளுக்கு ஒரு வோட்டு என்பதே அச்சங்களின் வழக்கம். மாறுதலின் பாரம் பல்லாயிரம் தோள்களில் பகிரப்பட்டது.

இன்றைய நிலை வேறு. 1950-ம் வருஷத்தை ஒட்டிச் சுமார் 2 லட்சமாக இருந்த பண்ணைகள் இப்பொழுது ஏறக்குறைய 30,000-மாகக் குறைந்துவிட்டன. பண்ணைகள் பெருத்தன, எருவும் பெருத்தது. பயிர் உண்டது போக மிஞ்சிய நைட்ரஜன் சத்து கடலில் கலந்து பாசியை வளர்க்க, பாசி அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு அற்றுப் போகிறது. 1986-ல் காட்டெகாட் கடலில் செத்த சிங்கி இறால்களைக் கண்டு ஜனங்கள் கலங்கியதன் பேரில், 1987-ல் சர்க்கார் நீர்ப் பாதுகாப்புத் திட்டம் வகுத்தது. அதன் பின் நைட்ரஜன் கசிவு பெரிதும் குறைந்தது மெய்யே. ஆயினும் கடற்கழிகள் தேறவில்லை. 2024 ஏப்ரலில் வைலே கடற்கழிக்கு ஈமச்சடங்கே நடத்திக் காட்டினர்!

புதிய வரி 2030-ல் தொடங்கும். கரியமில வாயுவின் கணக்கில் டன் ஒன்றுக்கு 300 குரோனர். 2035-ல் 750 குரோனர். இதில் 100-க்கு 60 பங்கு கழிவு உண்டாதலால், மெய்யாகக் கொடுப்பது முறையே 120-ம் 300-ம் ஆகும். எருவையும் தீனியையும் திருத்திக் கொள்பவர் வரியில் இன்னும் மிச்சம் பிடிப்பர். தொடக்க வருஷங்களில் வசூலாகும் பணம் விவசாயத்தின் சீர்திருத்தத்துக்கே திரும்பும். இதைக் கொடிய வரி என்று சொல்வதற்கில்லை.

பெரிய மாறுதல் நிலத்திலேதான் வரவிருக்கிறது. 2,50,000 ஹெக்டேரில், அதாவது 6 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், புதுக் காடு வளர்க்கவும், 1,40,000 ஹெக்டேர் தாழ்நிலத்தை மீண்டும் நீரில் தோய விடவும் எண்ணியுள்ளனர். முன்னோர் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து உண்டாக்கிய வயல்கள் இவற்றுட் பல. மக்கிய தழை நிறைந்த அம்மண் காற்றுப் பட்டு நாளடைவில் கரைந்து கரியமில வாயுவாகப் போகிறதென்பது இப்பொழுது தெளிவாகியிருக்கிறது. பாட்டன் வடித்த வயலில் பேரன் நீரைத் தேக்குவதற்குச் சர்க்கார் நஷ்டஈடு கொடுக்கிறது. கணக்கு சரியானதுதான்; பேரனின் மனம் அதற்கு இசைவது எளிதன்று.

கடன் என்பது இன்னும் கடினமான விஷயம். ஐரோப்பாவில் மிகுந்த கடன் சுமக்கும் விவசாயிகளில் டேனியரும் சேர்ந்தவர். தந்தையிடமிருந்து பண்ணையை இலவசமாகப் பெறாமல், பெரும்பாலும் கடன் வாங்கி விலைக்கு வாங்குவது அங்கே வழக்கம். முதியவர் ஒருவாறு சமாளித்துவிடுவார்; நேற்றுப் பண்ணை வாங்கிய வாலிபரோ, வட்டிக்கும் தவணைக்கும் மேல் புதிய கொட்டிலுக்கும் பணம் தேட வேண்டும். அவருக்கு நெடுநாள் தவணையில் குறைந்த வட்டிக் கடன் கிடைக்காவிடில், அவரது நிலமும் பக்கத்துப் பெரும் பண்ணையோடு சேர்ந்துவிடும். இப்பொழுதே வருஷந்தோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பன்றிக்குட்டிகள் கொழுக்க வைப்பதற்காகப் பிற தேசங்களுக்கு, முக்கியமாகப் போலந்துக்கு, உயிருடன் போகின்றன. கொட்டில் எல்லை தாண்டினால் உலகத்தின் வாயுக் கணக்கில் குறைவு ஏது?

ஆயினும் நம்பிக்கைக்கு இடமில்லாமற் போகவில்லை. எந்த வயலில் நீர் தேக்குவது, எங்கே காடு வைப்பது என்பதைத் தலைநகரமே முடிவு செய்துவிடவில்லை. கடற்கழிகளின் நீர்ப்பிடிப்புகளுக்கு ஏற்ப 23 ஸ்தலக் கமிட்டிகள் ஏற்பட்டு, நகரசபையாரும் குடியானவரும் இயற்கைச் சங்கத்தாரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து, 2025-ம் வருஷ முடிவுக்குள் தத்தம் பகுதிக்குத் திட்டப் படம் வகுக்கும் பொறுப்பை ஏற்றனர். படத்தில் கோடு போட்டால் வேலை முடிந்ததாகாது. கோட்டுக்குள் அகப்பட்ட ஒவ்வொரு வயலுக்கும் உடையவர் உண்டு. அவரைத் தேடிப் போய், விலை பேசி, கையொப்பம் பெற வேண்டிய காரியம் இனிமேல்தான்.