பாட்டைத் தாண்டுகிறவர்கள்

என் நண்பர் ஒருவர் தம் பேத்தியோடு உட்கார்ந்து 'டம்போ' என்ற பழைய கார்ட்டூன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1941-இல் டிஸ்னி ஸ்டூடியோவிலிருந்து வந்த படம். மொத்தமே 64 நிமிஷம். பாட்டு வரும்போதெல்லாம் நண்பர் கையிலிருந்த ரிமோட்டை அழுத்திப் படத்தைத் தள்ளிவிடுவார். "கதை நின்றுபோகிறது ஸார்" என்பது அவர் கட்சி. பாதிப் படம் ஆனதும் குழந்தை கேட்டது: "தாத்தா, யானைக்குட்டி ஏன் அழுவுது? அம்மாவைப் பார்க்கத்தானே போச்சு? பார்த்துச்சா, இல்லையா?"

பார்த்துவிட்டது. தாத்தா தள்ளிவிட்ட பாட்டில்தான் பார்த்தது.

நண்பர் இதை வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தைகள் படத்தில் பாட்டு எதற்கு, கதைக்கு அது இடைஞ்சல் என்று சொல்கிறவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். படித்தவர்கள், நல்ல நாவல்களைத் தேடி வாசிக்கிறவர்கள். நம் சினிமாவில் கதாநாயகன் காரணமில்லாமல் மலையுச்சிக்குப் போய் நின்று பாடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள். அந்த அலுப்பு எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தை ஒரு யானைக்குட்டியின் மேல் காட்டுவது என்ன நியாயம்?

அந்தக் காட்சியைச் சொல்கிறேன். குட்டியின் பெரிய காதைக் கேலி செய்த பையனைத் தாய் யானை அடித்துவிடுகிறது. பைத்தியம் பிடித்த யானை என்று சர்க்கஸ்காரர்கள் அதைச் சங்கிலியால் கட்டி ஒரு வண்டியில் அடைத்துவிடுகிறார்கள். இரவில் ஒரு சுண்டெலி குட்டியை அங்கே கூட்டிப் போகிறது. தாயால் ஜன்னலுக்கு வர முடியவில்லை, சங்கிலி எட்டவில்லை. துதிக்கையை மட்டும் கம்பிக்கு வெளியே நீட்டித் தடவித் தடவிக் குட்டியைக் கண்டுபிடிக்கிறது. பிறகு அதே துதிக்கையில் ஏந்தித் தாலாட்டுகிறது. படம் முழுவதிலும் அந்தத் தாய் வாய் திறந்து பேசுவது ஒரே தடவைதான், குட்டிக்குப் பெயரிடும்போது. இங்கே அது பேசவுமில்லை, பாடவுமில்லை. பாட்டு எங்கிருந்தோ வருகிறது. மற்றக் கூண்டுகளைக் காட்டுகிறார்கள். எல்லாக் குட்டிகளும் தாயை ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. அவ்வளவுதான்.

இதை வசனமாக எழுது என்று என்னிடம் கொடுத்தால் என்ன எழுதுவேன்? "கண்ணே, கவலைப்படாதே, நான் வந்துவிடுவேன்" என்று எழுதுவேன். எழுதிய கையோடு கிழித்தும் போடுவேன். ஃபிராங்க் சர்ச்சில் போட்ட அந்த மெட்டு செய்கிற வேலையை வார்த்தையால் செய்ய முடியாது. கதை நிற்கிறதாம்! கதையே அங்கேதான் இருக்கிறது.

கதை நிற்கிறது என்ற புகார் தொழில் தெரிந்தவர்களிடமிருந்தே வந்ததுண்டு. 1989-இல் வெளிவந்த 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தை, முடிவதற்கு முன்பே சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். கடற்கன்னி ஏரியல் மனிதர்களின் உலகத்துக்கு ஏங்கிப் பாடும் பாட்டு வந்தபோது குழந்தைகள் நெளிந்தார்கள். ஸ்டூடியோத் தலைவராக இருந்த ஜெஃப்ரி காட்ஸன்பர்க் உடனே அதை வெட்டச் சொன்னார். பாட்டை எழுதிய ஹவர்ட் ஆஷ்மனும் டைரக்டர்களும் விடவில்லை. பாட்டு தப்பியது.

வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹான்ஸ் ஆண்டர்ஸன் 1837-இல் எழுதிய மூலக் கதையில் சூனியக்காரி அந்தப் பெண்ணின் நாக்கையே அறுத்துவிடுகிறாள். படத்தில் நாக்கு தப்பியது. குரல் மட்டும் போகிறது. கால்களுக்கு விலையாக அவள் தன் குரலைத் தருகிறாள். முதலில் அந்தக் குரலை நாம் ஆசைதீரக் கேட்டிருந்தால்தானே பிறகு அது பறிபோகும்போது வயிற்றைப் பிசையும்? கேட்காத குரல் போனால் யாருக்கு நஷ்டம்? நாடக மேடையிலிருந்து வந்த ஆஷ்மனுக்கு இது தெரிந்திருந்தது. குழந்தை நெளிந்தது என்பதற்காக வெட்டுவதானால், உலகத்தில் நல்ல கதை எதுவும் மிஞ்சாது.

பாட்டே வேண்டாம் என்று சபதம் செய்தவர்களும் உண்டு. 1995-இல் 'டாய் ஸ்டோரி' எடுத்த பிக்ஸார்காரர்கள், பொம்மைகள் வாய் திறந்து பாடக்கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். நல்ல முடிவு, படமும் நல்ல படம். ஆனால் 1999-இல் இரண்டாம் பாகத்தில் ஜெஸ்ஸி என்ற பொம்மை, தன்னை வளர்த்த சிறுமி பெரியவளாகித் தன்னை மறந்துபோன கதையைச் சொல்லவேண்டி வந்தது. சில நிமிஷத்தில் ஒரு குழந்தைப் பருவமே கழிய வேண்டும். என்ன செய்தார்கள்? ராண்டி நியூமனிடம் போய்ப் பாட்டு வாங்கினார்கள்!

இத்தனை சொன்னதால் எல்லாப் பாட்டுக்கும் நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். 2013-இல் வந்த 'ஃப்ரோஸன்' ஒன்றே போதும், இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்ல. முதலில் போட்ட திட்டத்தில் எல்ஸா வில்லி. லோபெஸ் தம்பதி அவளுக்காகக் கட்டிய பாட்டைக் கேட்ட பிறகு, இப்படிப் பாடுகிறவள் வில்லியாக இருக்க முடியாது என்று கதையையே மாற்றி எழுதினார்கள். எழுதுகிறவன் கையை மீறிப் பாத்திரம் நடந்துபோகும் அதிசயம் நாவலாசிரியனுக்குத் தெரியும். இங்கே ஒரு பாட்டு அதைச் செய்தது. அதே படத்தில், தங்கை அன்னாவின் நெஞ்சில் பனி பாய்ந்து உயிர் போய்க்கொண்டிருக்கிறது. காப்பாற்ற வேண்டிய பூதங்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கல்யாணப் பாட்டுப் பாடுகின்றன. கூரை தீப்பற்றி எரியும்போது நலங்கு வைத்த மாதிரி இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டிருந்தால் நண்பரோடு நானும் கை தட்டியிருப்பேன்.

மியாசாகியைக் காட்டி வாதாடுகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் சிரமம். 'டோட்டோரோ'வில், 1988-இல் வந்த படம், ஒரு மழை இரவில் அக்காளும் தங்கையும் அப்பாவின் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள். பக்கத்தில் அந்தப் பெரிய பிராணி வந்து நிற்கிறது. யாரும் பாடுவதில்லை. குடைமேல் சொட்டு விழும் சப்தம். பாடியிருந்தால் பாழாகியிருக்கும்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டை எடுத்த நம் சீர்திருத்தக்காரர்கள் அந்த இடத்தில் மழையையா வைக்கிறார்கள்? மூச்சு விடாத அரட்டையை வைக்கிறார்கள். ஒரு ஹாஸ்யத்துக்குமேல் இன்னொரு ஹாஸ்யம், ஓட்டம், துரத்தல். அதில் எந்தக் குழந்தையும் நெளிவதில்லை, அழுவதுமில்லை.

2019-இல் டம்போவின் கதையை மறுபடி எடுத்தார்கள். அதில் அந்தத் தாலாட்டை சர்க்கஸில் கடற்கன்னி வேஷம் கட்டும் ஒருத்தி பாடுகிறாள். அவள் முகம் தெரிகிறது, வாய் அசைகிறது. நன்றாகத்தான் பாடுகிறாள். ஆனால் அது அவள் பாட்டாகிவிட்டது. யானையின் பாட்டாக இல்லை.

ஆகவே பழைய படத்தையே பேத்திக்கு மறுபடி போட்டுக் காட்டும்படி நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். ரிமோட்டைக் குழந்தையிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.