அப்பா யார் என்ற கேள்வி



‘ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடப் போகிறது.’ டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் இன்று சர்வசாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. மேலூர்ப் பக்கத்துத் தம்பதி, நடிகர் தனுஷ் தங்கள் மகன் என்று சொல்லிப் பராமரிப்புத் தொகை கேட்டு வழக்குப் போட்டபோது ஊரெல்லாம் இதைத்தான் சொன்னது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017 ஏப்ரலில் அந்த வழக்கையே ரத்து செய்தது. துளி ரத்தம் எடுத்தால் முடிகிற விஷயத்துக்கு நீதிமன்றம் ஏன் இவ்வளவு தயங்குகிறது என்று பலரும் கேட்டார்கள். அந்தத் தயக்கத்தில் பெரிய கருணை இருப்பதாக நான் நம்புகிறேன். அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் விருதுநகர் மாவட்டத்தில் தேவதானம், சேத்தூர், முகவூர் பக்கம் வேலைக்காக வெளியூர் போன ஆள் இல்லாத வீடு குறைவு. திருப்பூர், கேரளம், வளைகுடா என்று போய் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வருகிறார்கள். மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்றதும் யாரோ ஒருவர் விரல் விட்டு மாதத்தை எண்ணுவார். போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தையின் பாரத்தை இன்னும் பிறக்காத பிள்ளை சுமக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே யோசித்து வைத்திருக்கிறது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்தில் 116ஆம் பிரிவு. சட்டப்படி செல்லுபடியாகும் திருமண காலத்தில் பிறந்த குழந்தை அந்தக் கணவனின் குழந்தைதான் என்று அது தீர்த்துச் சொல்கிறது. மணவாழ்வு முடிந்த பின்னும், தாய் மறுமணம் செய்யாத நிலையில், 280 நாட்களுக்குள் பிறந்தால் அதே விதி. மறுக்க நினைப்பவர், கருத்தரித்திருக்கக் கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சேர வாய்ப்பே இல்லாமல் இருந்ததென்று நிரூபிக்க வேண்டும். சந்தேகம் மட்டும் போதாது.

மரபணு அறிவியல் பிறகுதான் வந்தது. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணு ரேகையைக் கண்டறிந்தார். நம் நாட்டில் ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் அதை வளர்த்தெடுத்தார். தலச்சேரியில் ஓர் ஏழைப் பெண்ணின் மகனுக்காக நடந்த பராமரிப்பு வழக்கில் அவருடைய ஆய்வு முடிவைக் கேரள உயர் நீதிமன்றம் 1991இல் ஏற்றுக்கொண்டது. பொறுப்பைத் தட்டிக் கழித்த ஒருவரிடமிருந்து பிள்ளைக்குச் சோறு வாங்கித் தருவதற்காகத்தான் இந்தச் சோதனை நம் நீதிமன்றங்களுக்குள் காலெடுத்து வைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

சோதனை எப்படி நடக்கிறது? பிள்ளையின் மரபணுவில் பாதி அம்மாவுடையது, பாதி அப்பாவுடையது. பதினைந்து, இருபது குறிப்பிட்ட இடங்களை ஒப்பிடுகிறார்கள். தாயிடமிருந்து வந்தது போக மீதி எல்லா இடத்திலும் பொருந்தினால் 99.9 சதவீதத்துக்கும் மேலான உறுதியோடு இவர்தான் தந்தை என்று சொல்ல முடியும். பல இடங்களில் பொருந்தாவிட்டால் இவர் இல்லை என்று சொல்லிவிடலாம். ஓரிடம் மட்டும் மாறியிருந்தால் அது இயல்பான மரபணு மாற்றமாகவும் இருக்கலாம் என்பதால் உடனே முடிவுக்கு வரமாட்டார்கள். ரத்தம்தான் வேண்டும் என்பதில்லை, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் வழித்து எடுத்தாலே போதும்.

வீட்டிலேயே மாதிரி எடுத்துத் தபாலில் அனுப்பச் சொல்லும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த அறிக்கை வழக்குக்கு உதவுவது கடினம். நீதிமன்றத்துக்கான சோதனையில் மூவரையும் நேரில் வரவழைத்து, அடையாளம் சரிபார்த்து, சாட்சிகள் முன்னால் மாதிரி எடுத்து முத்திரையிட்டு அனுப்புகிறார்கள். தபாலில் போன குச்சி யாருடைய வாயிலிருந்து வந்ததென்று யார் சாட்சி சொல்வது? பிள்ளை தூங்கும்போது தாய்க்குத் தெரியாமல் மாதிரி எடுக்கும் தகப்பன்மாரையும் நினைத்துப் பார்க்கிறேன். அறிக்கை எப்படி வந்தாலும், அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கப் போவதில்லை. கருவிலிருக்கும்போதே தெரிந்துகொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: 1994ஆம் ஆண்டின் கரு முன்கண்டறிதல் சட்டம் அனுமதிக்கும் காரணங்களில் தந்தை யார் என்று அறிவது இல்லை.

உச்ச நீதிமன்றம் இதில் ஒரே நேர்கோட்டில் நடந்துவிடவில்லை. வழக்கமான நடைமுறையாக ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று 1993இல் கௌதம் குண்டு வழக்கில் சொன்னது. 2014 ஜனவரியில், முறைப்படி நடந்த சோதனையின் முடிவும் சட்டத்தின் அனுமானமும் மோதினால் அறிவியலே நிற்கும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில், உத்தரப் பிரதேசத்தின் முன்னாள் முதல்வர் என்.டி. திவாரி, தான் அவருடைய மகன் என்று ஆறாண்டுகள் வழக்காடிய ரோஹித் சேகரை மகனாக ஏற்றுக்கொண்டார். அதற்கு ஈராண்டு முன்பே நீதிமன்ற உத்தரவின்படி நடந்த சோதனை அதை உறுதிசெய்திருந்தது. தானே வாசலில் போய் நின்று கேட்ட மகன் அவர். பெற்றோர் சண்டைக்குள் இழுக்கப்படும் சிறு பிள்ளைகளின் கதை வேறு. மனைவியின் நடத்தையை நிரூபிக்கப் பிள்ளைக்குச் சோதனை கேட்ட கணவனிடம் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. தன் பிறப்பை வீணாகச் சந்தேகிக்காமல் விடச்சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்றது. அந்தத் தீர்ப்பை நான் மனதாரக் கொண்டாடுகிறேன். தஞ்சைப் பகுதி மருத்துவர் ஒருவர் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற மதுரைக் கிளையின் உத்தரவையும் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் ரத்து செய்தது.

இதே சோதனை ஒரு தாயின் மடியை நிறைத்ததும் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கல்முனை மருத்துவமனைக்கு ஒரு கைக்குழந்தை வந்து சேர்ந்தது. சேர்க்கை வரிசையில் 81ஆவது என்பதால் உலகமே அதை ‘81ஆம் இலக்கக் குழந்தை’ என்றது. பிள்ளையைக் கொடுங்கள் என்று அழுது நின்ற தமிழ்த் தம்பதியிடம் ஆதாரம் ஏதும் மிச்சமில்லை, வீட்டைக் கடல் கொண்டு போயிருந்தது. நீதிமன்றம் மரபணு சோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பிப்ரவரியில் குழந்தை அவர்கள் கைக்குப் போனது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் தெரியும். துளசி வனத்தில் கிடைத்த பிள்ளையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார். அவள் தன் பாசுரங்களில் தன்னை அவர் மகளாகவே சொல்லிக்கொள்கிறாள். அந்த மண்ணில் நின்றுகொண்டு அறிக்கைத் தாள் ஒன்றால் மட்டும் அப்பாவைத் தீர்மானிக்க எனக்கு மனம் வரவில்லை. வளர்த்த பிள்ளையின் முகத்தை ஆய்வகத்துக்குக் கொண்டு போகும் முன், இதைத் தெரிந்துகொள்வது யாருக்கு நன்மை என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு என்று பதில் வந்தால் தயங்கவே வேண்டாம்.

கைவிடப்பட்ட தாய்மார்களுக்கு ஒரு செய்தி. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பனிடம் பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமை உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். நம் மாவட்டத்துக்கான சட்டப்பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் பேசலாம். கூட யாராவது வேண்டுமென்றால் படித்த அக்காவையோ சித்தியையோ அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்