பருவுக்கு எழுதித் தந்த ரியூப்



காணி உறுதி தொலைந்தவர்கள் என்ன செய்யலாம் என்று இம்மாதம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழில் வரும். இம்முறை முகப்பருவைப் பற்றி எழுதுகிறேன். "இவவுக்கு எழுத வேற ஒண்டும் இல்லையோ" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் இதை மூன்று நான்கு மாதமாகத் தள்ளி வைத்திருந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது வன்னியில் எங்கள் தையல் வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை. வயது பத்தொன்பது. தகப்பன் 2009இல் காணாமற்போனவர். தாய் கூலி வேலைக்குப் போய் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார். கை நேர்த்தியான பிள்ளை. ஒரு சட்டையைப் பார்த்தாலே வெட்டிவிடுவாள். திடீரென்று வகுப்புக்கு வராமல் விட்டாள். வீடு தேடிப் போனபோது துவாயால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் நின்றாள். தாய்தான் வாசலில் நின்று பேசினார்.

"முகம் முகம் எண்டு ஒரே அழுகை மிஸ். நாங்கள் செல்லுக்குத் தப்பி வந்த சனம். உவளுக்கு இப்ப பரு பெரிசாப் போச்சு."

தாய் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வகுப்பை விட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை இல்லை. பருவால் வந்த இழப்பு அந்த வீட்டின் வருமானத்தையும் தொடுகிறது. இதைத் தாயிடம் சொன்னேன். பேசாமல் இருந்தார்.

பிள்ளை இரண்டு ரியூப்களைக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்று டொக்டர் துண்டில் எழுதிக் கொடுத்து, பாமசியில் வாங்கியது. ரெற்றினோயின் 0.025 வீதம் என்று அதில் இருந்தது. ஐந்து இரவு பூசியிருக்கிறாள். முகம் எரிந்து, உரிந்து, பருவும் கூடியதால் எறிந்துவிட்டாள். மற்றது பக்கத்துக் கடையில் வாங்கிய வெள்ளையாக்கும் கிறீம். "இது எரியேல்லை மிஸ். நாலைஞ்சு நாளிலயே முகம் பளிச்செண்டு வந்தது. பிறகுதான் இப்பிடி" என்று துவாயை எடுத்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, தோல் மெலிந்து, பரு முழுக்கப் பரவியிருந்தது.

எனக்கு இது புதுக்கதை இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் எனக்கும் நாடி முழுக்கப் பரு. ஒரு வைத்தியர் இதே மருந்தை எழுதித் தந்தார். "இரவில பூசுங்கோ" என்ற இரண்டு சொல்லோடு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். நானும் சந்தனம் பூசுவதுபோல அப்பிக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் சிரிக்க வாய் வரவில்லை. வாயோரம் வெடித்து எரிந்தது. மூன்று கிழமையில் விட்டுவிட்டேன். எப்படிப் பூசுவது என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு, வேறோர் ஊரில் ஒரு நேர்ஸ் அக்கா பத்து நிமிடம் இருந்து சொல்லித் தந்தார். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் பரு எப்படி வருகிறது என்று தெரிந்தால் மற்றது விளங்கும். எங்கள் தோலில் மயிர் முளைக்கும் ஒவ்வொரு துவாரத்தோடும் எண்ணெய் சுரக்கும் சுரப்பி ஒன்று இருக்கிறது. துவாரத்தின் உட்பக்கத்தில் இருக்கும் இறந்த தோல் கலங்கள் உதிர்ந்து வெளியே போகவேண்டும். அவை போகாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வாய் அடைபடும். எண்ணெய் உள்ளே தேங்கும். தோலில் வழமையாக வாழும் கிருமி அங்கே பெருகி, வீங்கிச் சிவக்கும். இன்று நீங்கள் கண்ணாடியில் காணும் பரு, உள்ளே பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. முகம் கழுவாததால் வருவதல்ல இது. "அழுக்குப் பெட்டை" என்று பிள்ளைகளை ஏசாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் தோல் காய்ந்து இன்னும் கெடும்.

ரெற்றினோயின், அடபலீன் என்பவை ரெற்றினொயிட் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. விற்றமின் ஏ இலிருந்தும் அதைப் பின்பற்றியும் உருவாக்கப்பட்டவை. துவாரத்துக்குள் கலங்கள் ஒட்டிக்கொள்ளாமல் உதிரச் செய்வதுதான் இவற்றின் முக்கிய வேலை. அதாவது வந்த பருவை ஒரே இரவில் வற்ற வைக்கும் மருந்து இல்லை, வரப்போகும் பருவைத் தடுக்கும் மருந்து. ஆகவே பரு உள்ள இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைத்துப் பயனில்லை. பரு வரக்கூடிய பகுதி முழுவதற்கும் மெல்லிசாகப் பூசவேண்டும். (பப்பாசிப்பழமும் முருங்கையிலையும் நன்றாகச் சாப்பிடுங்கள், ஆனால் அது இந்த மருந்துக்கு ஈடாகாது. விற்றமின் ஏ குளிசையை நீங்களாக வாங்கி அளவுமீறிக் குடிப்பது ஆபத்து.)

இரவில் முகத்தை மென்மையான சவர்க்காரத்தால் ஒருதரம் கழுவி, துவாயால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். பிறகு இருபது முப்பது நிமிடம் பொறுங்கள். சட்டி பானை கழுவி முடிக்கும் நேரம் போதும். ஈரத்தோலில் பூசினால் எரிவு கூடும். நான் கெட்டது இதில்தான். ஒரு பட்டாணிக்கடலை அளவு எடுத்தால் முழு முகத்துக்கும் போதும். நெற்றி, இரு கன்னம், மூக்கு, நாடி என்று ஐந்து இடத்தில் பொட்டுப்போல் வைத்து மெல்லப் பரப்புங்கள். கண்ணைச் சுற்றியும், மூக்கோரத்திலும், வாயோரத்திலும் படக்கூடாது. அந்த இடங்களில் முதலே கொஞ்சம் வசலின் பூசிவிட்டால் மருந்து வழிந்தாலும் எரியாது. முகம் இழுத்துப் பிடித்தால் வாசனையில்லாத சாதாரண ஈரப்பூச்சுக் கிறீமை மேலே பூசலாம். இந்த அளவில் பூசினால் ஒரு ரியூப் பல வாரம் வரும். கூடப் பூசினால் கெதியில் சுகம் வராது, எரிவுதான் வரும்.

முதல் நாளிலிருந்தே ஒவ்வோர் இரவும் பூசவும் தேவையில்லை. வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், முதல் இரண்டு கிழமை மூன்று இரவுக்கு ஒருதரம். தோல் பழகியபின் ஒன்றுவிட்டு ஒரு இரவு. அதன் பிறகு தினமும். எங்களைப் போன்ற மண்ணிறத் தோலுக்கு இந்த நிதானம் மிக முக்கியம். தோல் புண்பட்டால் அந்த இடம் கறுக்கும், கறுப்பு மறைய மாதக்கணக்காகும்.

முதல் இரண்டு மூன்று வாரத்தில் தோல் சற்றுக் காயும், உரியும், சிலருக்குப் பரு கூடுவதுபோலவும் இருக்கும். உள்ளே அடைபட்டிருந்தவை வெளியே வருகின்றன. இதைச் சொல்லிக் கொடுக்காததால்தான் எத்தனையோ பேர் நல்ல மருந்தை எறிகிறார்கள். இலேசான எரிவு என்றால் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு மறுபடி தொடங்கலாம். முகம் வீங்கினால், கொப்பளித்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். மாற்றம் தெரிய எட்டுத் தொடக்கம் பன்னிரண்டு கிழமை வேண்டும். கலண்டரில் தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள். பன்னிரண்டு கிழமைக்கு முதல் "சரிவரேல்லை" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இந்த மருந்து பூசும் தோலை வெயில் கெதியில் சுடும். வயலுக்கும் கச்சான் தோட்டத்துக்கும் போகிறவர்களால் வெயிலைத் தவிர்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். வெயிலுக்குப் பூசும் கிறீமின் விலையும் தெரியும். அகலமான தொப்பி, குடை, தலையில் முக்காடு, இவையாவது இருக்கட்டும். காலையில் முகத்தைக் கழுவிவிட்டு வெளிக்கிடுங்கள். ரியூப்பை தகரக் கொட்டிலுக்குள் யன்னலோரம் வைக்காதீர்கள், வெளிச்சமும் சூடும் மருந்தைக் கெடுக்கும். தண்ணிப்பானை இருக்கும் மூலை நல்ல இடம். இந்த நாட்களில் தேசிக்காய்ப்புளி, பற்பசை எதுவும் முகத்தில் வேண்டாம். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு வழிந்தால் அங்கே பரு கூடும்.

இனி அந்த இரண்டாவது ரியூப். அதில் பொடி எழுத்தில் மூன்று மருந்தின் பெயர் இருந்தது. மொமெற்றசோன், ஹைட்ரோகுவினோன், ரெற்றினோயின். டொக்டர் தந்த அதே மருந்தின் பெயர் இதிலும் இருப்பதைப் பார்த்து, "ரெண்டும் ஒண்டுதானே" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஒன்றல்ல. மொமெற்றசோன் என்பது ஸ்ரெரொயிட். பீற்றாமெதசோன், குளோபீற்றசோல் என்பனவும் அந்த வகைதான். ஸ்ரெரொயிட் சிவப்பையும் வீக்கத்தையும் உடனே அடக்கும். அதனால்தான் நாலு நாளில் முகம் பளிச்சிடுகிறது. வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், நரம்பு தெரியும், மயிர் முளைக்கும், பரு புதிதாகக் கிளம்பும். விட்டால் முகம் நெருப்பாக எரியும். எரிவு தாங்காமல் மறுபடி அதையே வாங்குவார்கள். தோல் வைத்தியர் ஒருவர் குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட நாளுக்கு எழுதிக் கொடுப்பது வேறு, கடையில் முகக் கிறீமாக வாங்குவது வேறு. நீண்டநாள் பூசியவர்கள் அந்த ரியூப்பையே கையில் கொண்டு வைத்தியரிடம் போங்கள். எப்படி விடுவது என்று அவர் சொல்லுவார்.

உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத வெள்ளைக் கிறீம்கள் இன்னொரு ஆபத்து. சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோலினூடாக உடம்புக்குள் போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்படியான கிறீம்களையும் தடைசெய்யும், 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் இணைந்திருக்கிறது. ஆனாலும் அவை கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பமாகும் எண்ணத்தில் இருப்பவர்களும் ரெற்றினோயின், அடபலீன் இரண்டையும் தவிர்க்க வேண்டும். பூசும் மருந்து இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. என்றாலும் பருவுக்காக வயிற்றுப் பிள்ளையை வைத்துப் பார்க்கத் தேவையில்லை. தெரியாமல் பூசிவிட்டீர்கள் என்றால் பயந்து ஒளிக்க வேண்டாம். நிறுத்திவிட்டு மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். ஆனால் கடும் பருவுக்குக் குடிக்கக் கொடுக்கும் ஐசோரெற்றினோயின் குளிசை வேறு சங்கதி. அது வயிற்றுப் பிள்ளைக்குப் பாரதூரமான அங்கக் குறைபாடுகளை உண்டாக்கும். கர்ப்பகாலத்தில் ஒரு குளிசைகூடக் கூடாது. எங்கள் ஊர்களில் ரியூப்பையும் குளிசையையும் அக்கா தங்கச்சிக்கு, மச்சாளுக்கு என்று பகிர்ந்து கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. இந்த மருந்தில் அந்தப் பழக்கம் வேண்டாம்.

பருவோடு மாதவிடாய் ஒழுங்கில்லாமலும், நாடியில் மயிர் முளைத்தும் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஓமோன் சம்பந்தமான சிகிச்சை தேவைப்படலாம். உள்ளே கட்டியாக நோகும் பரு வந்தால் பிந்த வேண்டாம். பள்ளமாக விழுந்த வடுவை மாற்றுவது கஷ்டம். விழாமல் தடுப்பது அதைவிட இலகு.

சமூகவியல் படித்த எனக்கு ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. ரெற்றினோயின் பருவுக்கான மருந்தாக 1971இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை உருவாக்கிய அல்பேர்ட் கிளிக்மன் என்ற வைத்தியர் 1951இலிருந்து 1974 வரை பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பேர்க் சிறையில் கைதிகளின் தோலில் பல பரிசோதனைகளைச் செய்தவர். அவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். என்ன பூசுகிறார்கள் என்பதுகூடப் பலருக்குச் சொல்லப்படவில்லை. அவர் பணியாற்றிய பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பீடம் 2021இலும், பிலடெல்பியா நகரம் 2022இலும் இதற்காக மன்னிப்புக் கேட்டன. மருந்து நல்ல மருந்துதான். ஆனாலும் அந்தச் சின்ன ரியூப்பைக் கையில் எடுக்கும்போது எனக்கு அவர்களின் நினைவு வரும். பூட்டிய இடத்தில் வைத்துக் கையெழுத்து வாங்குவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பிள்ளையின் கதைக்கு வருகிறேன். அவளை அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து தோல் கிளினிக்குக்குக் கடிதம் தந்தார்கள். கடை ரியூப்பை நிறுத்தினாள். முதல் மாதம் மிகவும் கஷ்டப்பட்டாள். வகுப்பில் கடைசி மெசினில் சுவரைப் பார்த்தபடி இருந்து தைத்தாள். முகம் ஆறியபின் வைத்தியர் ரெற்றினோயினை மறுபடி தொடங்கச் சொன்னார், மூன்று இரவுக்கு ஒருதரம். இப்போது பதினோராம் கிழமை. புதுப்பரு குறைவு. கறுப்புத் தழும்புகள் இருக்கின்றன. அவை மங்க இன்னும் மாதங்கள் செல்லும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன கிழமை தாய் என்னைப் படலைவரை வந்து வழியனுப்பினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மேலே உயர்த்தினார். முழங்கைக்கு மேலே செல் துண்டு கிழித்த தழும்பு, தடித்துப் புடைத்திருந்தது.

"மிஸ், உவளின்ர கிறீமை இதுக்குப் பூசலாமோ?"

பூசக்கூடாது என்று சொன்னேன். உங்களிலும் பலர் இதையே கேட்க நினைத்திருப்பீர்கள். செல் காயம், எரிகாயம் ஆகியவற்றின் ஆழமான தழும்பை இந்த மருந்து எடுக்காது. ஆறாத புண்ணில் பட்டால் எரிந்து இன்னும் கெடும். ஆனால் தடித்துப் புடைத்து, கடிக்கும், நோகும் தழும்புக்கு வேறு வைத்தியம் இருக்கிறது. தழும்புக்குள்ளேயே ஊசிமருந்து போடுவார்கள், சிலருக்கு சிலிக்கன் தாள் ஒட்டுவார்கள். தழும்பு அடியோடு மறையாது. தடிப்பும் கடியும் குறையும். உள்ளே துண்டு இருப்பதாகச் சந்தேகம் என்றால் அதையும் சொல்லவேண்டும், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

"இத்தனை வருசமாக் கடிக்குது. ஆரிட்டையும் காட்டேல்லை" என்றார்.

மகளின் அடுத்த கிளினிக் புதன்கிழமை. காலை ஆறரை பஸ்ஸில் இருவரும் போகிறார்கள். தாய்க்கு வெளிநோயாளர் பிரிவில் நம்பர் எடுக்கவேண்டும், அதனால் பிந்தாமல் வெளிக்கிடச் சொல்லியிருக்கிறேன்.