சொட்டு மருந்துக்கு முன் ஒரு சொல்

மூங்கில்துறைப்பட்டு வட்டாரத்தில் கண் முகாம் பற்றிப் பேசினால் 2008 ஜூலையைத் தாண்டிப் போக முடியாது. அன்றைய விழுப்புரம் மாவட்டக் கடுவனூரில் ஒரு தனியார் மருத்துவமனை நடத்திய இலவச முகாமின் வழியாகப் புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 66 பேர் கிருமித்தொற்றால் பார்வை இழந்தார்கள். வழக்கை சிபிஐ விசாரித்தது.

கண்ணுக்குள் கிருமி நுழையப் பல வழிகள் உண்டு. ஒன்று நோயாளியின் முகத்திலேயே இருக்கிறது.

கண்ணின் உள்மூலையில் இருக்கும் ஊசித் துவாரங்கள் வழியே கண்ணீர் ஒரு சிறு பைக்குள் இறங்கி, மூக்குக்குப் போகிறது. வாய்க்கால் அடைத்தால் வயலில் என்ன ஆகும் என்று கரும்பு விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேங்கிய நீரில் கிருமி பெருகும்; பீளை கட்டும். அதனால்தான் புரை அறுவைக்கு முன் கண்மூலையில் உப்புநீரைச் செலுத்திப் பார்க்கிறார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் வழி திறந்திருக்கிறது. சீழோடு திரும்பி வந்தால் அறுவையைத் தள்ளிவைத்தே ஆக வேண்டும். முகாமில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் இந்தச் சோதனையை விடக் கூடாது.

கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தும் அதே வாய்க்காலில்தான் இறங்குகிறது. டிராபிகமைடு, ஃபினைலெஃப்ரின் என்ற மருந்துகள் அரை மணி நேரத்தில் பாப்பாவை விரித்துவிடும். அதற்குப் பின் சில மணி நேரம் வெயில் கூசும், கிட்டத்து எழுத்து கலங்கும். மருந்து மூக்கு வழியாக ரத்தத்திலும் கலக்கும் என்பதால், ரத்தக்கொதிப்போ இதய நோயோ உள்ளவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, உள்மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவு குறையும். காசு செலவில்லாத இந்த வழியை எத்தனை முகாம்களில் சொல்கிறார்கள்? சொட்டு விட்டு, பெஞ்சில் உட்காரவைத்து, அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். சொட்டு விடப்பட்ட பெரியவர் கூசும் கண்ணோடு தானே வண்டி ஓட்டிக்கொண்டு சாலையில் ஏறுகிறார்.

இன்னும் வருத்தம் தருவது, “அடைப்பு இருக்கு, அப்புறம் வாங்க” என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களின் நிலை. கண்ணீர்ப்பையிலிருந்து மூக்குக்குப் புதுவழி போடும் அறுவையை இத்தாலிய மருத்துவர் டோட்டி 1904-லேயே விவரித்துவிட்டார். ஆனால் எங்கே போவது, எந்தத் தேதியில் போவது என்று சொல்லாவிட்டால், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த பாட்டி மறுபடி வரமாட்டார்.

இந்த வட்டாரம் இன்று இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முகாமில் அடைப்பு என்று தெரியவந்த ஒவ்வொருவர் கையிலும், அங்கே போகவேண்டிய தேதி எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்புங்கள்.