கட்டிலோரத்துச் செடி

படுக்கையறைக்குச் செடி கேட்டால் நர்சரியில் பெரும்பாலும் ஸ்னேக் பிளான்ட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். “ராத்திரியிலும் ஆக்சிஜன் கொடுக்கும்” என்ற பேச்சும் கூடவே வரும். செடி சரி, காரணம்தான் தப்பு. நல்ல செடி கிடைத்தால் காரணம் எதற்கு என்று கேட்கலாம். ஆக்சிஜனுக்காக வாங்குகிறவர் ஒன்றோடு நிறுத்த மாட்டார். அடுத்து எதை வாங்குவது, எங்கே வைப்பது, எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று எல்லாமே அந்தத் தப்பான காரணத்திலிருந்துதான் கிளம்பும்.

ஆக்சிஜன் பேச்சோடு சேர்ந்தே வரும், செடி காற்றைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கை, 1989-ல் நாசாவுக்காக பில் வுல்வர்ட்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. இறுக மூடிய பெட்டிக்குள் செடிகளை வைத்தார்கள்; பென்சீன் போன்ற ஆவிகள் குறைந்தன. வீடு மூடிய பெட்டி அல்ல. ஜன்னலும் கதவிடுக்கும் காற்றை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டியிருக்கும் என்று 2019-ல் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நூறு சதுர அடி அறைக்குக் குறைந்தது தொண்ணூறு தொட்டி. கட்டிலை வராந்தாவில் போட வேண்டியதுதான். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பயம்: இரவில் செடி கரியமில வாயுவை விடுமே? விடும், மிகச் சொற்பமாக. ஒரு மனிதர் ஒரு நாளில் வெளிவிடுவதோ ஏறக்குறைய ஒரு கிலோ. அந்தக் கணக்குப்படி அறையை விட்டு அனுப்ப வேண்டியவர் பக்கத்தில் படுத்திருப்பவர்.

உண்மையான கேள்வி வெளிச்சமும் தண்ணீரும். வெளிச்சத்தில் நம் கண் நம்மை ஏமாற்றிவிடும். உச்சிவெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். ஜன்னலை விட்டுத் தள்ளியிருக்கும் கட்டிலோரத்தில் சில நூறு தேறினாலே அதிகம். நமக்கு இரண்டும் வெளிச்சம்தான், செடிக்கு இரண்டாவது அரைப்பட்டினி. அரைப்பட்டினியில் இருக்கும் செடி மெதுவாக வளரும், குறைவாகவே குடிக்கும். புதிதாகச் செடி வளர்ப்பவரோ அன்பு மிகுந்து தினமும் ஊற்றுவார். மண்ணின் துளைகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிற்க, வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, இலை வாடும். தாகம் போலிருக்கிறது என்று இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள். வீட்டுச்செடிகள் பல இப்படித்தான் சாகின்றன.

ஆகவே தொடங்குகிறவருக்கு, மறந்தால் கோபித்துக்கொள்ளாத செடிதான் நல்லது. ஸ்னேக் பிளான்ட் நம்மூர் மருளின் மேற்கு ஆப்பிரிக்க உறவு. பகலில் ஈரம் போய்விடாமல் இலைத்துளைகளை மூடிவைத்து இரவில் திறக்கும். நர்சரிக்காரர் சொல்லும் ராத்திரி விஷயத்தின் நிஜப் பயன் இந்தச் சிக்கனம்தான். ஸீஸீ பிளான்ட் மண்ணுக்குள் கிழங்கில் நீரைச் சேமிக்கிறது. இரண்டுக்கும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் போதும், அதுவும் விரலை விட்டுப் பார்த்து மண் உள்ளே வரை காய்ந்திருந்தால். தொட்டியின் அடியில் ஓட்டை இருந்தே ஆக வேண்டும்.

மணி பிளான்ட்டைப் பாட்டில் தண்ணீரில் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். வளரும்தான். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் தவறாமல் நீரை மாற்றிப் பாட்டிலைத் தேய்த்துக் கழுவ முடியாதவர் மண்ணிலேயே வைக்கட்டும். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் இந்த மூன்றையும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும், மென்றால் ஆகாது. அங்கே ஸ்பைடர் பிளான்ட் மேல், ஜன்னலோரம் மட்டும் கொடுத்துவிட்டால்.

துளசியும் மல்லிகையும் என்ன பாவம் செய்தன? அவற்றுக்கு நேர்வெயில் வேண்டும், அறைக்குள் நோஞ்சானாகிவிடும். மணத்துக்கு ஆசை என்றால் தெருமுனையில் ஒரு முழம் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம்.