ஸ்விட்ச்சுல என்ன சார் இருக்கு?

பெருங்குடி பக்கம் பொட்டி தட்டுற மக்களே, ஆபீஸ்ல நெட்வொர்க் படுத்தா முதல் திட்டு யாருக்கு? கான்ட்ராக்ட்ல வர்ற சப்போர்ட் பையனுக்கு. என்னைக் கேட்டா, அந்தத் திட்டு ஸ்விட்ச் வாங்க கையெழுத்துப் போட்ட பெரிய மனுஷருக்குப் போய்ச் சேரணும்.

முன்னாடி நான் ஆணி புடுங்கின ஒரு கம்பெனி. வாசல் பூரா கண்ணாடி, மாடிக்கு மாடி காபி மெஷின். உள்ள பார்த்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின அன்மேனேஜ்டு ஸ்விட்ச்சுகள், ஒண்ணோட ஒண்ணு கோத்து. ஒருநாள் யாரோ ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்சுல சொருகிட்டாங்க. மொத்த மாடியும் அவுட். பழி சப்போர்ட் பையன் மேல, வேலையும் போச்சு.

நடந்தது இவ்வளவுதான். எந்த மேக் முகவரி எந்த போர்ட்ல இருக்குன்னு கத்துக்கிட்டு, அங்க மட்டும் அனுப்புறதுதான் ஸ்விட்ச்சோட வேலை. ஆனா பிராட்காஸ்ட் வந்தா, வந்த போர்ட்டைத் தவிர எல்லாத்துக்கும் தள்ளிவிடும். ஈத்தர்நெட் ஃப்ரேமுக்கு ஆயுள் கணக்கு கிடையாது. வளையம் இருந்தா சுத்திக்கிட்டே, பெருகிக்கிட்டே இருக்கும்.

இதுக்கு மருந்து புதுசும் இல்ல. ராடியா பெர்ல்மன் 1985லயே ஸ்பானிங் ட்ரீ கண்டுபிடிச்சாச்சு. மேனேஜ்டு ஸ்விட்ச்சுல பொதுவா அது இருக்கும், வளையத்தைப் பார்த்தா அந்த போர்ட்டை அடைச்சிடும். மலிவு அன்மேனேஜ்டுல பெரும்பாலும் இருக்காது.

"அப்ப எல்லாரும் லேயர் 3 வாங்கணுமா?"ன்னு மேனேஜர்கள் பாயுவாங்க. வேணாம் சார்! நாலு டேபிள் ஆபீசுக்கு அன்மேனேஜ்டே போதும். விருந்தாளி வைஃபை, சிசிடிவி, அக்கவுண்ட்ஸ் எல்லாம் ஒரே வலையில கிடந்தா, விலேன் போட்டுப் பிரிக்க மேனேஜ்டு வேணும். கேமராவுக்கும் ஐபி போனுக்கும் அதே கேபிள்ல கரண்ட் போகணும்னா பிஓஇ. நிறைய விலேன்களுக்கு நடுவுல வேகமா ரவுட்டிங் பண்ணணும்னாதான் லேயர் 3. தேவையில்லாதவங்க தலையில அதைக் கட்டுற விற்பனையாளரும் இதே குட்டையில ஊறின மட்டைதான்.

1990ல முதல் ஈத்தர்நெட் ஸ்விட்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்க கம்பெனி பேரு 'கல்பனா'. அதைத் தொடங்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான வினோத் பரத்வாஜோட மனைவி பேரு. கல்பனான்னா கற்பனை. ஒரு கேபிளைத் தப்பா சொருகினா என்ன ஆகும்னு கற்பனை பண்ண முடியாதவங்கதான் நம்ம ஊர்ல பர்ச்சேஸ் ஆர்டர் போடுறாங்க :-)

மிச்சம் புடிச்ச காசு கம்பெனிக்கு, பழி மட்டும் பையனுக்கா? இது என்னங்க நியாயம்?