பழியெல்லாம் அப்கிரேட் மேல்

"ஓடுற வண்டியை ஏன் சார் நோண்டணும்?" திருச்சியில் டேட்டாபேஸ் வேலை பார்க்கும் நான் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவரும் கேள்வி இது. நவல்பட்டு எல்காட் பூங்காவில் இருப்பவர்களும் கேட்கிறார்கள், சின்னக்கடை வீதியில் பில் போடுபவர்களும் கேட்கிறார்கள். புது வெர்ஷனுக்குப் போனால் சிஸ்டம் படுத்துவிடும். படுத்தால் பழையதற்கே திரும்பு, முடியாவிட்டால் பெரிய சர்வர் வாங்கு. இந்த நம்பிக்கை தவறு மட்டுமல்ல, கேடும்கூட.

ஒரு மருந்து மொத்த வியாபார நிறுவனத்தில் நடந்தது. ஞாயிறு இரவு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை 11-லிருந்து 15-க்கு மாற்றினார்கள். திங்கள் காலை, இரண்டு நொடியில் வந்துகொண்டிருந்த பாக்கி பட்டியல் ஒரு நிமிஷம் தாண்டியும் வரவில்லை. கவுன்ட்டரில் சில்லறைக் கடைப் பையன்கள் சீட்டோடு நிற்கிறார்கள். நான் போனபோது புது சர்வருக்கான கொட்டேஷன் முதலாளியின் மேஜையில் இருந்தது.

அந்தப் பட்டியலின் குவெரியை எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டுப் பார்த்தேன். குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பிளானர் எதிர்பார்த்தது 1 வரி. உண்மையில் வந்தது 2 லட்சத்துக்கும் மேல். ஒரே வரிதான் என்று நம்பியதால் அது நெஸ்டட் லூப்பைத் தேர்ந்திருந்தது. அதாவது, முதல் டேபிளின் ஒவ்வொரு வரிக்கும் அடுத்த டேபிளுக்கு ஒரு நடை. ஒரு வரிக்கு அது சரியான வழி. 2 லட்சம் வரிக்கு அதே வழியில் போனால் சிஸ்டம் திணறத்தான் செய்யும்.

18 லட்சம் வரி உள்ள டேபிளில் 1 வரிதான் வரும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? வெர்ஷன் மாற்றும் கருவியான பிஜி அப்கிரேட் டேட்டாவைக் கொண்டுபோகும். டேட்டாவைப் பற்றிய புள்ளிவிவரத்தை 17-ம் பதிப்பு வரை கொண்டுபோகவில்லை. 2025-ல் வந்த 18-ல்தான் அதில் பெரும்பகுதி கூடவே போகிறது. புள்ளிவிவரம் இல்லாத நெடுவரிசையில் 200 வெவ்வேறு மதிப்புகள் இருக்கும் என்று பிளானர் வைத்துக்கொள்ளும். ஒரு சம நிபந்தனை வைத்தால் 200-ல் ஒரு பங்கு. கிளை, நிதியாண்டு, நிலை என்று மூன்று நிபந்தனை வைத்தால் 80 லட்சத்தில் ஒரு பங்கு. கணக்கில் பிழையே இல்லை. அதற்கு ஊர் நிலவரம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். 2022 இறுதியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, நாங்கள் டவுனுக்குப் போக பைபாஸ் பாலத்தைச் சுற்றினோம். வெளியூர் டிரைவர்களோ குறைந்த தூரத்தைப் பார்த்து நேரே மாம்பழச்சாலைக்கு வந்து நின்றார்கள். அவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று யாராவது சொல்வோமா? பாலம் மூடியிருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

புள்ளிவிவரத்தைப் புதிதாகச் சேகரிக்க எல்லா டேபிளுக்கும் அனலைஸ் ஓட்டினேன். டீ வந்து ஆறுவதற்குள் பட்டியல் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் மாதாந்திர ரிப்போர்ட் இழுத்தது. கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால் ஷேர்டு பஃபர்ஸ் 128 எம்பி, வொர்க் மெம் 4 எம்பி. நிறுவும்போது வந்த அளவு அப்படியே இருந்தது. 32 ஜிபி ரேம் உள்ள மெஷின் அது. பழைய ஃபைலில் யாரோ பல வருஷம் முன்பு பார்த்துப் பார்த்துப் போட்ட எண்களைப் புதியதற்கு யாரும் எடுத்துப் போகவில்லை. இந்த நிலையில் புது சர்வர் வாங்கியிருந்தால் அங்கேயும் அதே 128 எம்பிதான் ஓடியிருக்கும்.

மைஎஸ்கியூஎல்காரர்களின் கதை வேறு. 8.0-ல் குவெரி கேஷை எடுத்தே விட்டார்கள். அதுவரை கேஷ் மூடி வைத்திருந்த மோசமான குவெரிகள் வெளியே வந்தன. டிஃபால்ட் எழுத்துத் தொகுதியும் யுடிஎஃப்8எம்பி4 ஆனது. பழைய டேபிள் பழைய தொகுதியிலும் புதிதாக உருவாக்கியது புதியதிலும் இருந்தால், இரண்டையும் ஜாயின் செய்யும்போது பழைய டேபிளின் இண்டெக்ஸ் பயன்படாமல் போகலாம்.

புது வெர்ஷனே சில குவெரிகளைக் கெடுப்பதும் உண்டு, மறைக்கவில்லை. எஸ்கியூஎல் சர்வர் 2014-ல் வரி எண்ணிக்கையைக் கணிக்கும் முறையே மாறியது. அதில் மெதுவான குவெரிகள் உண்மையாகவே இருந்தன. போஸ்ட்கிரெஸ் 12-ல், குவெரியை ஓடும்போதே மெஷின் கோடாக மாற்றும் ஜேஐடி தானாகவே இயங்கத் தொடங்கி, சின்னக் குவெரிகள் சிலவற்றைத் தாமதப்படுத்தியது. ஆனால் அது எந்தக் குவெரி, எந்தப் படி என்று பிளான் காட்டிவிடும். அந்த ஒன்றைச் சரிசெய்யலாம், ஜேஐடியை அணைக்கலாம். ஒரு குவெரிக்காக மொத்த டேட்டாபேஸையும் பின்னால் இழுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

பின்னால் இழுத்தால் எங்கே போய் நிற்போம் என்பதையும் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 5.7-க்கு 2023 அக்டோபரோடும், போஸ்ட்கிரெஸ் 11-க்கு அடுத்த மாதத்தோடும் ஆதரவு முடிந்தது. இனி அதில் ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க அதை உருவாக்கியவர்கள் வரமாட்டார்கள். மக்களின் மருந்துக் கணக்கும் பணக் கணக்கும் அதற்குள்தான் இருக்கின்றன. "ஸ்லோ ஆயிடும்" என்ற பேச்சை நம்பி அவற்றை அங்கேயே விட்டுவைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

கிளம்பும் முன் அந்த நிறுவனத்தின் புரோகிராமரோடு உட்கார்ந்து, ஞாயிறு இரவு டெர்மினலில் ஓடியதை மேலே தள்ளிப் பார்த்தேன். அப்கிரேட் முடிந்த இடத்தில், புள்ளிவிவரம் மாற்றப்படவில்லை, சர்வரைத் தொடங்கியதும் இந்தக் கட்டளையை ஓட்டுங்கள் என்று எழுதி, கட்டளையையும் கீழேயே கொடுத்திருந்தது. அந்தத் தம்பி அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு எழுந்து போய் முதலாளியையும் கூட்டிவந்து காட்டினார்.